வண்ண ஸ்லைட் பிலிமில் தொடர்ந்து படம் எடுக்கலாமா? நமது வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற வழி என்ன?

கேள்வி (கல்லடியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு வருடங்களாக வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போய், ஒரே வட்டையை (வயல்வெளியை) விதைப்புத் தொடக்கம் அறுவடை வரை டிஜிட்டல் கமராவில் படம் எடுத்து வருகிறேன். மாரிப் போகத்தில் பயிர் குடலைப் பருவத்துக்கு (கதிர் வெளியே வருமுன் தண்டுக்குள் திரண்டு நிற்கும் பருவத்துக்கு) வரும்போது வயலில் ஒரு பச்சை தெரியும். முந்திய வாரம் அது இருக்காது. கதிர் தள்ளிய பின் தேடினாலும் கிடைக்காது. அந்தப் பச்சையை உள்ளபடி பதிய வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

என் சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. கணினியில் ரா கோப்பை (கமரா நிறம் திருத்தாமல் பதியும் மூலக் கோப்பை) திறந்து, வெண்மைச் சமநிலையைச் சிறிது நகர்த்தினால் வயல் மஞ்சளாகிறது. மறுபக்கம் நகர்த்தினால் நீலம் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க வேண்டியவன் நான்தான், ஆனால் காலையில் வரம்பில் நின்று பார்த்த நிறம் இரவு பத்து மணிக்கு என் நினைவில் அப்படியே இருப்பதில்லை. மடிக்கணினியில் ஒரு பச்சை, கைபேசியில் இன்னொரு பச்சை, ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரின்ட் எடுத்தால் மூன்றாவதாக ஒரு பச்சை. இவற்றில் எது என் வயல் என்று அப்பா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சென்ற வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஃபுஜிக்குரோம் வெல்வியா 50 என்னும் வண்ண ஸ்லைட் பிலிம் (பிரின்ட் போடாமல் பிலிமிலேயே படத்தை நேரே பார்க்கும் வகை) ஒரு றோல் கொண்டு வந்தார். சித்தப்பாவின் பழைய கமராவில் அதைப் போட்டு அதே வட்டையில் முப்பத்தாறு படம் எடுத்து, மாமாவிடமே கொடுத்தனுப்பிக் கழுவி எடுத்தேன். பொதி வந்து சேர மூன்று மாதம் சென்றது. முப்பத்தாறில் ஒன்பதுதான் தேறின. சில கறுத்துப் போயிருந்தன, பல வெளுத்துப் போயிருந்தன; வரம்பில் நின்ற கொக்கு ஒன்றின் படத்தில், கொக்கு இருந்த இடம் இறகோ நிழலோ இல்லாமல் வெறும் கண்ணாடித் துண்டு போல இருந்தது. ஆனால் தேறிய ஒன்பதையும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கமராவின் 50 மில்லிமீற்றர் லென்ஸைக் கழற்றித் திருப்பிக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு வருடமாகத் தேடிய பச்சை இருபத்துநாலுக்கு முப்பத்தாறு மில்லிமீற்றர் இடத்துக்குள் இருந்தது. அதை நான் நகர்த்தவும் இல்லை, திருத்தவும் இல்லை. அன்று தொடங்கி டிஜிட்டல் கமராவைக் கையில் எடுக்க மனம் வரவில்லை.

இங்கே அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான். ஸ்லைட்டை நான் விரும்புவதற்கு நியாயமான காரணம் இருக்கிறதா, அல்லது ஒரு றோலைக் கண்ட மயக்கத்தில் பேசுகிறேனா? காரணம் இருக்கிறது என்றால், நமது வெயிலில் ஒளியை எப்படி அளப்பது, நமது ஈரக்காற்றில் ஸ்லைட்டுகளை எப்படிப் பாதுகாப்பது, மூன்று மாதம் காத்திராமல் எப்படிக் கழுவுவது என்பவற்றையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி (அக்கரைப்பற்றிலிருந்து)

தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். எண்பதுகளில் வகுப்பறையில் காட்டுவதற்காகவே ஸ்லைட் எடுக்கத் தொடங்கி, இன்றுவரை விடாமல் எடுக்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்தபோது, ஒரு விடயத்தை நீங்கள் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று தோன்றியது. அதை இன்னும் சிறிது விளக்க விரும்புகிறேன்.

நெகட்டிவ் பிலிமில் வெளிச்சமும் இருளும் நிறங்களும் மாறி இருக்கும். அதைப் பார்க்கத்தக்கதாக மாற்றப் பிரின்ட் போட வேண்டும், அப்படிப் போடும்போது நிறத்தை இன்னொருவர் தீர்மானிக்கிறார். ரா கோப்பும் இந்த வகையில் நெகட்டிவ் போன்றதே. ஸ்லைட்டில் நடப்பது வேறு. முதலாவது மருந்தில், ஒளி பட்ட வெள்ளி உப்பு கறுப்பு வெள்ளை நெகட்டிவாக மாறுகிறது. ஒளி படாமல் எஞ்சிய உப்பு முழுவதையும் அடுத்த மருந்து உசுப்பிவிடுகிறது, அது வண்ண மருந்தில் கழுவப்படும்போது மூன்று அடுக்குகளிலும் சாயம் பிறக்கிறது. கடைசியில் வெள்ளி அத்தனையும் கரைத்து நீக்கப்படுகிறது. மிஞ்சுவது சாயம் மட்டும். அதாவது, உங்கள் கொக்கில் பட்டுத் திரும்பிய ஒளி எங்கே விழவில்லையோ அங்கே சாயம் பிறந்தது. எங்கே அளவுக்கு மிஞ்சி விழுந்ததோ அங்கே பிறப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அதனால்தான் அந்த இடம் கண்ணாடியாக இருந்தது. உங்கள் கையிலுள்ள துண்டு, வயலில் உங்களோடு நின்ற அதே பிலிம். அதற்கும் உங்கள் கண்ணுக்கும் இடையில் வேறு ஒருவரும் இல்லை.

ஆகவே நிறத்தை எங்கே நின்று தீர்மானிக்கிறோம் என்பதே இதில் முக்கியம் என்பது என் கருத்து. ஸ்லைட் எடுப்பவர் அந்தத் தீர்மானத்தை வரம்பில் நின்று, வயலைப் பார்த்தபடி எடுத்தாக வேண்டும். எந்தப் பிலிம், எந்த நேரம், எத்தனை ஸ்டொப் (ஒளியை இரட்டிப்பாக்குவதோ பாதியாக்குவதோ ஒரு ஸ்டொப்) என்பதையெல்லாம் ஷட்டரை அழுத்துமுன் முடிவு செய்கிறார். பிறகு திருத்த வழியில்லை என்று தெரிந்திருப்பதால் கண் வேறு விதமாக வேலை செய்கிறது. நீங்களும் அந்த முப்பத்தாறு படத்துக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் ஆசைக்கு நியாயம் உண்டு.

இனி ஒளி அளப்பது. ஸ்லைட் பிலிமில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து ஸ்டொப்தான் பிடிபடும். அதாவது மிக இருண்ட இடத்தைவிட மிக வெளிச்சமான இடம் 32 மடங்குக்கு மேற்பட்டால் ஏதாவது ஒரு பக்கம் போய்விடும். நெகட்டிவில் கொஞ்சம் கூடுதலாக ஒளி கொடுப்பது பாதுகாப்பு, ஸ்லைட்டில் அதுவே பாழ். ஆகவே வெளிச்சமான இடத்தை அளந்து, இருள் எப்படி விழுந்தாலும் விழட்டும் என்று விடுங்கள். உங்கள் பழைய கமராவின் மீற்றர் முழுக் காட்சியையும் சராசரியாக்கிப் பார்க்கும். இருண்ட நீர் நிறைந்த வட்டையில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், அது நீரை நம்பி ஷட்டரைத் திறந்து வைக்கும், கொக்கு போய்விடும். கொக்கை நெருங்கி அளக்க முடியாது என்பதால், அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, கமராவை அதற்கு அருகில் கொண்டுபோய் அளந்து, காட்டும் அளவைவிட ஒரு ஸ்டொப் கூட்டி வையுங்கள். உள்ளங்கை, மீற்றர் அளவுகோலாகக் கொள்ளும் நடுத்தர வெளிச்சமான நடுச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டொப் வெளிச்சமானது. வெயில் பட்ட பச்சை வயலோ பெரும்பாலும் நடுச் சாம்பலுக்குச் சமமாகவே நிற்கும், எனவே கொக்கு இல்லாத படங்களில் பயிரையே நேராக அளக்கலாம். மீற்றர் பழுதென்று சந்தேகம் வந்தால், தெளிவான வெயிலில் ஐஎஸ்ஓ 50 (பிலிமின் ஒளியுணர்திறன் எண்) பிலிமுக்கு எஃப் 8 லென்ஸ் துவாரம், 1/250 செக்கன் என்பதை மனதில் வைத்திருங்கள். நான் பல வருடம் அதிலேயே ஓடியவன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் நமக்குச் சூரியன் உச்சிக்கு நேரே வருகிறது. அந்த நடுப்பகல் வெயிலில் முகங்களின் கண்குழி கறுத்து, மணல் வெளுத்துவிடும். அந்நேரம் கமராவைப் பைக்குள் வையுங்கள். ஆனால் நீங்கள் தேடும் குடலைப் பருவம் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் வருகிறது. அப்போது வானம் மப்பாக இருக்கும், நிழல்கள் மெலியும், முழுக் காட்சியும் ஐந்து ஸ்டொப்புக்குள் தானாக அடங்கிவிடும். நமது மாரி காலம் ஸ்லைட்டுக்கென்றே அமைந்தது போன்றது. மப்பு வெளிச்சத்தில் நீலம் சற்று ஏறும் என்பதால் லென்ஸுக்கு முன்னால் 81ஏ என்னும் இளஞ்சூட்டுக் கண்ணாடியை மாட்டுங்கள், முக்காலியும் கொண்டு போங்கள்.

ஒரு மனக்கசப்பையும் சொல்லி வைக்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். 1996 இல் பொத்துவிலில் இருந்து பாணமைக்குப் போகும் வழியில் எடுத்த இரண்டு றோல்களை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். உறையில் ஸ்லைட் என்று பெரிதாக எழுதியும் கொடுத்தேன். அவர்கள் அதைச் சாதாரண நெகட்டிவ் ஓடும் சி-41 மருந்தில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தது விகாரமான நிறங்களோடு கூடிய நெகட்டிவ். அந்த வருடம் அந்தப் பாதையில் நான் இரண்டாம் முறை போகவில்லை. ஸ்லைட்டுக்குரிய மருந்து ஈ-6 என்பதைக் கொடுக்கும் இடத்தில் வாயாலும் சொல்லி, அவர்கள் திரும்பச் சொல்லும்வரை நிற்க வேண்டும் என்று அன்று படித்தேன்.

மறுமொழி (வாழைச்சேனையிலிருந்து)

வணக்கம் அண்ணன். சேர் சொன்ன நுட்பங்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் டிஜிட்டலின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கலியாண வீடுகளும் கோயில் திருவிழாக்களும்தான் என் தொழில்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு, தணல் ஒரு பக்கம், மஞ்சள் பூசிய உடம்புகள் ஒரு பக்கம், நடுவில் புகை. அங்கே ஐஎஸ்ஓ 50 பிலிமை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் ஐஎஸ்ஓ 6400 இல் 1/250 செக்கனில் எடுக்கிறேன், காலடியும் தெரிகிறது, முகமும் தெரிகிறது. இன்றைய சென்சர்கள் பன்னிரண்டு முதல் பதினான்கு ஸ்டொப் வரை பிடிக்கின்றன. அந்தக் கொக்கின் இறகையும் நீரின் இருளையும் ஒரே படத்தில் தந்திருக்கும். இரவுக் கூத்துக்கும் இதே கதைதான். பகல் வெளிச்சத்துக்குச் செய்த ஸ்லைட் பிலிமில் மின்குமிழ் வெளிச்சத்துக் கூத்தை எடுத்தால் களரி முழுவதும் செம்மஞ்சளாகவே வரும்.

அண்ணனிடம் நேராகவே ஒரு கேள்வி. வெல்வியாவின் பச்சை உங்கள் வயலின் பச்சைதானா? 1990 இல் அந்தப் பிலிம் வந்த காலம் தொட்டே நிறத்தைக் கூட்டிக் காட்டுவதற்குப் பெயர் போனது அது. மனித முகத்தை அதில் எடுத்தால் சிவந்து போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் நீங்கள் கணினியில் செய்யத் தயங்கிய அதே வேலையை, ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் இருந்த பொறியியலாளர்கள் உங்களுக்காக முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். உங்கள் திரைகள் மூன்றும் மூன்று நிறம் காட்டுவதற்கு மருந்தும் இருக்கிறது. திரையை அளவிடும் கருவி ஒன்றை வாங்கி மடிக்கணினியைச் சீர்செய்யுங்கள்; வயலில் முதற் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றையும் சேர்த்து எடுங்கள். நினைவை நம்ப வேண்டிய தேவை பாதிக்குமேல் குறைந்துவிடும்.

செலவையும் நினைக்க வேண்டும். பிலிம் வாங்குவதும் அனுப்புவதும் கழுவுவதும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவை ஷட்டரை அழுத்துவதும் காசு. தொழிலாகச் செய்பவனுக்கு அது கட்டாது. தான் விரும்பிய ஒரு வட்டைக்காகச் செய்பவருக்குக் கட்டலாம், அதை நான் மறுக்கவில்லை.

மறுமொழி (கல்முனையிலிருந்து)

வாழைச்சேனைத் தம்பியின் கேள்வி நியாயமானது. வெல்வியா கூட்டித்தான் காட்டும். ஆனால் அது எவ்வளவு கூட்டும் என்பது மாறுவதில்லை. பத்து றோல் எடுத்தவருக்கு அது கைவந்துவிடும். மத்தளத்தின் சுருதி தெரிந்தவர் அதற்கேற்பப் பாடுவது போலத்தான் இதுவும். கூட்டாத நிறம் வேண்டுமென்றால் புரோவியா 100எஃப் இருக்கிறது, எக்டாக்குரோம் இ100 இருக்கிறது. எக்டாக்குரோம் 2012 இல் நின்றுபோய், 2018 இல் மீண்டும் வந்தது. என் கண்ணுக்கு நம் ஊர் ஆட்களின் தோல் நிறம் அதில்தான் சரியாக விழுகிறது. கல்லடித் தம்பி அடுத்த றோலுக்கு அதையும் வாங்கி, ஒரே வரம்பில் இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.

நான் ஏழு வருடமாக வீட்டிலேயே ஈ-6 கழுவுகிறேன், அதைப் பற்றித்தான் விரிவாக எழுத வந்தேன். மூன்று மருந்துத் தொகுதியாக விற்கிறார்கள்: முதல் மருந்து, வண்ண மருந்து, வெள்ளியை நீக்கும் மருந்து. இவற்றுக்குப் பின் கடைசி நனைப்பு ஒன்று. இதைக் கேட்டவுடன் எல்லோரும் பயப்படுவது வெப்பநிலையைத்தான், ஏனென்றால் முதல் மருந்து 38 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். கால் பாகைக்கு மேல் விலகினால் படத்தின் அடர்த்தி மாறிவிடும். குளிர் நாடுகளில் இது பெரும்பாடு. நமக்கோ தாங்கித் தண்ணீரே சாதாரணமாக முப்பது பாகையை அண்டி இருக்கிறது, எட்டுப் பாகை ஏற்றினால் போதும். கறுப்பு வெள்ளைப் பிலிமை 20 பாகையில் கழுவ நான் ஐஸ்கட்டி தேடி அலைந்த நாட்களை நினைத்தால், நமது கரையில் வண்ண ஸ்லைட் கழுவுவதே இலகு என்று அடித்துச் சொல்வேன். பெரிய அலுமினியப் பானையில் 39 பாகைத் தண்ணீரை நிரப்பி, மருந்துப் போத்தல்களையும் கழுவும் தாங்கியையும் அதற்குள் கழுத்தளவு அமிழ்த்தி, அரை மணித்தியாலம் விட்டு, போத்தலுக்குள் உள்ள மருந்தையே வெப்பமானியால் அளந்து பாருங்கள். பானைத் தண்ணீரின் அளவை நம்ப வேண்டாம். அடுத்த இரண்டு மருந்துகளும் அவ்வளவு பிடிவாதமானவை அல்ல.

எனக்கு வெப்பநிலையைவிடத் தொல்லை தந்தது வியர்வை. இருட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிலிமை ரீலில் சுற்றும்போது, மூன்றாவது நிமிடத்திலேயே உள்ளே ஆவி பிடித்து, பிலிம் ரீலின் பிளாஸ்ரிக்கில் ஒட்டி நின்றுவிடும். இழுத்தால் மடியும். முதல் வருடத்தில் இரண்டு றோல் இப்படியே போயிற்று. இப்போது இருட்டுப் பையை விட்டுவிட்டேன். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, சன்னலில்லாத சாமான் அறையின் கதவிடுக்கில் கறுத்தத் துணியைத் திணித்து, கையைக் கழுவித் துடைத்து மாவு போலக் காய்ந்த பிறகு, வெறும் இருட்டில் மேசை மேல் வைத்துச் சுற்றுகிறேன். ரீலை அன்று பகல் வெயிலில் காய வைத்திருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிம் நகராது.

மருந்து கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, காய்ந்த பின் பிலிமில் வெள்ளை வட்டம் வட்டமாகப் படியும். வடிகட்டிய குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிலிமை வெளியில் காயப் போடவும் வேண்டாம். குளியலறைத் தரையை நனைத்து, தூசி அடங்கிய பின் உள்ளே தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெள்ளி கரைந்த மருந்தைத் தயவுசெய்து கிணற்றடியிலோ வாவியிலோ ஊற்ற வேண்டாம். நான் பிளாஸ்ரிக் கேனில் சேர்த்து வைக்கிறேன். மீன் பாடும் வாவி என்று பெருமை பேசுகிற நாம் அதற்குள் இதை ஊற்றக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றி: ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பிலிமின் ஜெலற்றினில் பூஞ்சணம் பிடிக்கும். நமது கரையில் மாரி முழுக்க அதற்கு மேல்தான். இறுக மூடும் பெட்டியில், பொலிபுரொப்பிலீன் உறையில் இட்ட ஸ்லைட்டுகளோடு சிலிக்கா ஜெல் பை வையுங்கள். பையிலுள்ள மணிகள் நிறம் மாறியதும் அவற்றைச் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். வாசம் வரும் மெல்லிய பிவிசி உறைகளைத் தொடவே வேண்டாம், காலப்போக்கில் ஸ்லைட்டில் ஒட்டிக்கொள்ளும். எடுக்காத பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்து இரண்டு மணித்தியாலமாவது கழித்துத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே நீர் பூக்கும்.

எங்கள் அப்பாவும் ஸ்லைட் எடுத்தவர். 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் வந்தபோது அவருடைய ஸ்லைட்டுகள் ஆறு பிஸ்கட் டின்களில் இருந்தன. ஆறும் சேற்றுக்குள் கிடந்து கிடைத்தன. ஐந்து டின்களில் இருந்தவற்றை நாங்கள் அப்படியே எடுத்து விரிப்புப் போட்டு வெயிலில் பரப்பினோம். உப்பும் சேறும் காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கப் பிரிக்கப் படம் உரிந்து வந்தது. ஆறாவது டின்னைப் பாத்திரம் கழுவுகிற வாளிக்குள் அம்மா போட்டு, பவுசரில் கொண்டு வந்து தந்த நல்ல தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி, மட்டையைப் பிரித்துவிட்டு, கொடியில் துணிக்கொளுவியால் தொங்கவிட்டார். அந்த டின்னில் இருந்தவை மட்டுமே இன்று எங்களிடம் இருக்கின்றன. நனைந்த பிலிமைக் காயவிடாமல் முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்பது பிறகு படித்துத்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. அந்த ஸ்லைட் ஒன்றில் பழைய கல்லடிப் பாலம் தனியே நிற்கிறது. 1924 இல் திறந்த இரும்புப் பாலம் அது, பக்கத்தில் 2013 இல் வந்த புதிய பாலம் இல்லை. நீலம் சற்று மங்கியிருக்கிறது. மற்றபடி அப்பா நின்று பார்த்தது அப்படியே இருக்கிறது.

மறுமொழி (வாழைச்சேனையிலிருந்து)

கல்முனை அக்கா எழுதியதை வாசித்து நெடுநேரம் இருந்தேன். என்னிடம் மூன்று வன்தட்டுகளில் மூன்று பிரதிகள் உண்டு. அவற்றில் ஒன்று சென்ற வருடம் எந்த முன்னறிவிப்பும் இன்றி நின்றுபோனது. அண்ணனுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஸ்லைட்டையே எடுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் ஸ்கான் செய்து பிரதி வைத்திருங்கள். டிஜிட்டல் கமராவையும் விற்றுவிடாதீர்கள். வயலில் அதை ஐஎஸ்ஓ 50 அல்லது 100 இல் வைத்து ஒரு படம் எடுத்து, வெளிச்சம் எங்கே வெட்டுப்படுகிறது என்று கமராத் திரையிலுள்ள ஒளி வரைபடத்தில் (ஹிஸ்டோகிராமில்) பார்த்துவிட்டுப் பிலிமை அழுத்தினால், முப்பத்தாறில் ஒன்பது என்ற கணக்கு நிச்சயம் மாறும்.

மறுமொழி (கேள்வி கேட்டவர், கல்லடியிலிருந்து)

எல்லோருக்கும் நன்றி. சேர் அழைத்ததன் பேரில் சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒன்பது ஸ்லைட்டையும் எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனேன். சேரிடம் பழைய கொடக் கரசல் புரொஜெக்டர் இருக்கிறது. அந்த நிறுவனம் 2004 ஆம் ஆண்டோடு ஸ்லைட் புரொஜெக்டர் செய்வதையே நிறுத்திவிட்டதாகவும், மாற்றுக் குமிழ்களை அவர் இப்போதே சேர்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, விளக்கை அணைத்தார். முதல் ஸ்லைட் விழுந்து, சூட்டில் ஒரு கணம் உப்பி மங்கலாகி, சேர் லென்ஸைத் திருப்பியதும் தெளிந்தது. பிரின்ட்டில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் நூறு மடங்கு அளவில்தான் வித்தியாசம் காட்ட முடியும் என்றும், ஸ்லைட்டில் அது ஆயிரத்தைத் தாண்டும் என்றும் சேர் முன்பே சொல்லியிருந்தார். அதன் பொருள் வேட்டியில் வயல் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

பக்கத்து வளவில் இருந்து ஒரு போடியார் (வயல் காணிச் சொந்தக்காரர்) வந்து பாயில் அமர்ந்திருந்தார். நான் எந்த இடம் என்றோ எப்போது எடுத்தது என்றோ சொல்லவில்லை. நான்காவது ஸ்லைட்டில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, எழுந்து வேட்டிக்கு அருகே போய்ப் பார்த்துவிட்டு, “இது குடலையில நிக்கிற வெள்ளாமை. இன்னும் ஐஞ்சாறு நாளில கதிர் தள்ளியிருக்கும்” என்றார். வீட்டுக்கு வந்து என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த ஸ்லைட் எடுத்தது மார்கழி 29. அந்த வரம்பில் முதற் கதிரைக் கண்டதாக நான் எழுதியிருப்பது தை 4.

வெல்வியா மூன்று றோலும் எக்டாக்குரோம் இரண்டு றோலும் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். விமான நிலையத்தில் பெட்டிக்குள் வைக்காமல் கையில் எடுத்து, கதிர்ப் பரிசோதனைக்கு விடாமல் கையால் பார்க்கும்படி கேட்கச் சொல்லியும் இருக்கிறேன். கல்முனை அக்கா, நீங்கள் பயன்படுத்தும் வெப்பமானி எந்த வகை, அதை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள் என்று எழுத முடியுமா? பானையை இன்றே அம்மாவிடம் கேட்டு வாங்கிவிட்டேன்.